மாத்திரைக்குக் கேட்காத சீழ்

கேள்வியை முதலில் சுருக்கமாக வைத்துவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கும் புரியட்டும். தம்பிக்கு 31 வயது. 14 மாதம் முன்பு பைக்கில் போகும்போது லாரி உரசி, இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. அன்று இரவே கழுவித் தையல் போட்டு, நான்கு நாள் கழித்துப் பிளேட் வைத்திருக்கிறார்கள். மூன்றாவது மாதம் தழும்பின் நடுவில் ஒரு கொப்புளம், அது உடைந்து சீழ். அதிலிருந்து ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் நிற்கிறது, நிறுத்திய பத்துப் பதினைந்து நாளில் திரும்ப வடிகிறது. இதுவரை ஆறு கோர்ஸ். ஒரு டாக்டர் பிளேட்டை எடுக்கச் சொல்கிறார், இன்னொருவர் எலும்பு கூடும்வரை மாத்திரையிலேயே ஓட்டலாம் என்கிறார், மூன்றாமவர் காலைச் சுற்றி வெளியே ரிங் போட வேண்டும் என்கிறார், பெரியப்பா எல்லாவற்றையும் விட்டுவிட்டு எலும்புக்குக் கட்டுக் கட்டும் புத்தூருக்குப் போகலாம் என்கிறார். காலையே எடுக்க வேண்டி வருமோ என்று அம்மா தூங்குவதில்லை. இதில் யார் சொல்வதைக் கேட்பது?

நான் எலும்பு அறுவை மருத்துவன், விபத்துக் கேஸ்களோடுதான் இருபது வருடம் ஓடியிருக்கிறது. எக்ஸ்ரேயைப் பார்க்காமல், காலைத் தொட்டுப் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது, நானும் சொல்லப்போவதில்லை. ஆனால் நீங்கள் எழுதியதிலிருந்தே ஒன்று தெரிகிறது. ஏழாவது கோர்ஸ் மாத்திரை இதைத் தீர்க்காது. மாத்திரை போய்ச் சேர முடியாத இடத்தில் கிருமி உட்கார்ந்திருக்கிறது. யாராவது ஒருவர் காலைத் திறந்து, உள்ளே செத்துக் கிடக்கும் எலும்பையும், பெரும்பாலும் அந்தப் பிளேட்டையும், வெளியே எடுத்தாக வேண்டும். மூன்று டாக்டர்களும் மூன்று விதமாகச் சொல்வதாக உங்களுக்குத் தோன்றுகிறது. எலும்பு கூடியிருக்கிறதா இல்லையா என்ற ஒரே கேள்விக்கு ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதைப் பிறகு பார்ப்போம்.

மாத்திரை ஏன் கேட்கவில்லை என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள், மீதி எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவியிருப்பீர்கள். ரொம்ப நாள் கழுவாத தொட்டியின் உள்சுவரில் வழவழவென்று ஒரு படலம் படிந்திருக்கும். பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினால் தண்ணீர் சுத்தமாகத்தான் தெரியும், ஆனால் சுவரில் விரலை வைத்தால் வழவழப்பு அப்படியே இருக்கும், பத்து நாளில் தண்ணீர் திரும்ப நாறும். பிரஷ் போட்டுத் தேய்த்தால்தான் போகும். உடம்புக்குள் வைக்கும் இரும்பின் மேல் கிருமிகள் இதே மாதிரி ஒரு படலம் கட்டிக்கொள்கின்றன, பயோஃபிலிம் என்போம். கிருமி ஒட்டிய சில மணி நேரத்திலேயே இந்த வேலை ஆரம்பித்துவிடும், சில வாரங்களில் கெட்டிப்படும். படலத்துக்குள் இருக்கும் கிருமிகளில் பல பெருகாமல் அரைத்தூக்கத்தில் இருக்கும்; ஆன்டிபயாடிக்குகளில் நிறைய பெருகும் கிருமியைத்தான் அடிக்கும். அதனால் ரத்தத்தில் மிதக்கும் கிருமியைக் கொல்லும் அளவைப் போல நூறு மடங்கு, சில சமயம் ஆயிரம் மடங்கு மருந்து இருந்தாலும் படலத்துக் கிருமி பிழைத்துக்கொள்கிறது. அந்த அளவு மருந்தைக் கொடுத்தால் கிருமிக்கு முன்னால் சிறுநீரகம் போய்விடும்.

இரண்டாவது சங்கதி செத்த எலும்பு. மாத்திரை வயிற்றில் கரைந்து ரத்தத்தின் வழியாகத்தான் எங்கும் போகும். விபத்தில் சதையும் தோலும் எலும்பை விட்டு உரிந்துபோன இடத்தில் ரத்தக் குழாய்கள் அறுந்துவிடுகின்றன, அந்தத் துண்டு எலும்பு செத்துப்போகிறது. அதன் பெயர் சீக்வெஸ்ட்ரம். ரத்தமே போகாத துண்டுக்கு மருந்து எப்படிப் போகும்? கிருமிக்கு அதைவிடப் பாதுகாப்பான வீடு கிடையாது. உடம்பு சும்மா இருப்பதில்லை, செத்த துண்டைச் சுற்றிப் புது எலும்பால் ஒரு கூடு கட்டும், அந்தக் கூட்டில் ஒரு ஓட்டை விட்டு, அது வழியாகச் சீழைத் தோலுக்கு வெளியே தள்ளும். நம் மொழியில் இதற்கு அருமையான சொல் இருக்கிறது: புரையோடுதல். இன்றைக்கு ஊழலுக்கும் லஞ்சத்துக்கும்தான் அந்தச் சொல்லை எழுதுகிறோம், ஆனால் அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட ரணத்தைப் பார்த்தவர்கள்தான் அதை உண்டாக்கியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். மேலே கடுகளவு துளை, உள்ளே எவ்வளவு ஆழம் போகிறது என்று வெளியிலிருந்து தெரியாது.

ஆபரேஷன் தியேட்டரில் இந்தச் செத்த எலும்பைக் கையில் எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் சட்டென்று தெரியும். உயிருள்ள எலும்பு இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்கும். செத்தது பழைய தந்தம் மாதிரி மஞ்சள் வெள்ளையில், வறண்டு, ஓரம் அரித்துக் கிடக்கும். ஸ்டீல் கிண்ணத்தில் போட்டால் டிங்கென்று சத்தம் கேட்கும். எது செத்தது எது உயிரோடு இருக்கிறது என்று சந்தேகமான இடத்தில் சின்ன டிரில்லால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிக்கொண்டே போவோம், தண்ணீர் ஊற்றிக்கொண்டே. வெள்ளையாக வந்துகொண்டிருக்கும் எலும்பில் ஒரு கட்டத்தில் மிளகாய்த்தூள் தூவியது மாதிரி சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் துளிர்க்கும். ரத்தம். அங்கே நிறுத்தலாம். அதற்கு முன்னால் நிறுத்தினால், 'பாவம், எலும்பு குறைந்துவிடுமே' என்று இரக்கப்பட்டு விட்டுவைத்த அந்த ஒரு சென்டிமீட்டர் ஆறு மாதம் கழித்துத் திரும்ப வாசலில் வந்து நிற்கும். இந்த அறுவை சிகிச்சையில் கை நடுங்கக் கூடாத இடம் அதுதான், புற்றுக்கட்டியை எடுப்பது மாதிரி மிச்சமில்லாமல் எடுக்க வேண்டும்.

ஏன் இந்த எலும்புக்கே இது அதிகம் வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கால் முன்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள், கட்டில் காலில் இடித்துக்கொண்டால் உயிர் போகுமே, அந்த இடம். தோல், அதற்கடுத்து நேராக எலும்பு. நடுவில் சதையே கிடையாது. தொடையில் எலும்பு உடைந்தால் சுற்றிலும் சதை ரத்தம் கொடுக்கும், இங்கே அந்த வசதி இல்லை. தோல் கிழிந்தால் எலும்பு வெட்டவெளிக்கு வந்துவிடும், ரோட்டு மண், சாக்கடைத் தண்ணீர், பேன்ட் துணி எல்லாம் உள்ளே போகும். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'கிரேடு 2' என்றோ '3ஏ', '3பி' என்றோ எழுதியிருக்கும், பாருங்கள். 1976-இல் கஸ்டிலோ, ஆண்டர்சன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் தோல் கிழிந்த எலும்பு முறிவுகளுக்கு வகுத்த பிரிவின்படி போடுவது அது. 3ஏ, 3பி என்ற உட்பிரிவு 1984-இல் சேர்ந்தது. 3பி என்றால் எலும்பை மூடத் தோலும் சதையும் போதவில்லை, வேறு இடத்திலிருந்து சதையைக் கொண்டுவந்து மூட வேண்டிய காயம் என்று அர்த்தம். அப்படிப்பட்ட காயத்தை வெறும் தையலால் இழுத்து மூடியிருந்தால் இன்றைய சீழின் கதை அன்றைக்கே தொடங்கியிருக்கலாம். யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி, நசுங்கிய சதையை முழுசாக வெட்டி எடுப்பது, சில நாட்களுக்குள் நல்ல சதையால் மூடுவது, இவ்வளவும் சரியாக நடந்த கால்களிலும் கிருமி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சரி, இப்போது என்ன செய்வது. முதலில் அந்தத் துளையில் பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்த கல்ச்சர் ரிப்போர்ட்டை, அதாவது லேபில் கிருமியை வளர்த்துப் பார்த்த ரிப்போர்ட்டை, ஓரமாக வையுங்கள். துளையின் வாயில் தோல் கிருமி, டிரஸ்ஸிங் கிருமி, ஆஸ்பத்திரிக் கிருமி எல்லாம் கூடியிருக்கும். வாசலில் நிற்பவரைப் பிடித்து இவர்தான் வீட்டுக்காரர் என்று சொல்வது போல. 1978-இலேயே ஒரு ஆய்வு வந்துவிட்டது, துளையிலிருந்து எடுத்த சீழில் வளர்ந்த கிருமிகளையும் அதே நோயாளிகளின் எலும்பிலிருந்து எடுத்த கிருமிகளையும் ஒப்பிட்டு. பாதிப் பேருக்குக்கூட ஒத்துப்போகவில்லை. ஆனாலும் இன்றும் அந்தப் பஞ்சுக் குச்சி ரிப்போர்ட்டை வைத்துத்தான் நம்மூரில் மாத்திரை மாறிக்கொண்டே இருக்கிறது, எனக்கு இதில் தீராத எரிச்சல். உங்கள் தம்பியின் ஆறு கோர்ஸும் அப்படித்தான் மாறியிருக்கும் என்று ஊகிக்கிறேன்.

சரியான முறை, ஆபரேஷனின்போது ஆழத்திலிருந்து, எலும்பிலிருந்தும் பிளேட்டை ஒட்டிய சதையிலிருந்தும் ஐந்து தனித்தனித் துண்டுகளாவது எடுத்து, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு கருவி, வேறு வேறு டப்பா என்று லேபுக்கு அனுப்புவது. இரண்டு துண்டுகளிலாவது ஒரே கிருமி வந்தால் அதை நம்பலாம். சில கிருமி மெதுவாக வளரும், அதனால் மூன்றே நாளில் 'ஒன்றும் வளரவில்லை' என்று மூடிவிடாமல், பத்துப் பதினான்கு நாள் வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஒரு துண்டு பயாப்சிக்கும், ஒரு துண்டு டிபி பரிசோதனைக்கும் போக வேண்டும். நம் நாட்டில் எலும்பு டிபி அப்படி ஒன்றும் அபூர்வம் இல்லை, சாதாரணச் சீழ் என்று நினைத்து வருடக்கணக்கில் தவறவிட்ட கேஸ்கள் உண்டு. இன்னொரு முக்கியமான விஷயம்: இந்தத் துண்டுகளை எடுப்பதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே ஆன்டிபயாடிக் நிறுத்தியிருக்க வேண்டும். கோர்ஸ் நடுவில் எடுத்தால் கிருமி உள்ளே இருந்தாலும் கல்ச்சரில் வளராமல் ஏமாற்றிவிடும். நீங்களாக நிறுத்தாதீர்கள், ஆபரேஷன் செய்யப்போகிறவரிடம் தேதி கேட்டுக்கொண்டு நிறுத்துங்கள். அந்த இரண்டு வாரத்தில் சீழ் கொஞ்சம் அதிகமாகும், பயப்பட வேண்டாம், வடிந்துகொண்டிருக்கும் துளை ஒரு வகையில் பாதுகாப்பு வால்வு. ஆனால் குளிர் ஜுரம் வந்தாலோ, கால் திடீரென்று சிவந்து வீங்கினாலோ, துளை மூடிக்கொண்டு உள்ளே விண்விண்ணென்று தெறித்தாலோ அன்றே போய்விட வேண்டும்.

ரத்தப் பரிசோதனையில், உடம்பில் அழற்சி இருந்தால் ஏறும் ஈஎஸ்ஆர், சிஆர்பி இரண்டும் நார்மல் என்று ஒருவர் ஆறுதல் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். நாள்பட்ட கேஸில் இரண்டும் நார்மலாக இருந்தே தொல்லை கொடுக்கும். சீழ் எலும்பு வரை போகும் துளை வழியாக வடிகிறது என்றாலே கிருமி உறுதி. 2018-இல் பல நாட்டு நிபுணர்கள் கூடி எழுதிய வரையறையும் அதைத்தான் சொல்கிறது, வேறு சாட்சி தேவையில்லை. எக்ஸ்ரே கட்டாயம், அதோடு ஒரு சிடி ஸ்கேன். எலும்பு கூடியிருக்கிறதா, செத்த துண்டு எங்கே எவ்வளவு நீளம் என்பது சிடியில்தான் தெளியும். செத்த துண்டு படத்தில் பக்கத்து எலும்பைவிட வெள்ளையாகத் தெரியும். உயிருள்ள எலும்பு நோயாலும், ஊன்றாமல் இருப்பதாலும் சுண்ணாம்பை இழந்து மங்கிப்போகும். செத்ததிலிருந்து சுண்ணாம்பை எடுக்க அங்கே ரத்தம் இல்லையே.

இப்போது அந்த மூன்று டாக்டர்களுக்கு வருவோம். எலும்பு நன்றாகக் கூடியிருந்தால், பிளேட்டின் வேலை முடிந்துவிட்டது, அது உள்ளே இருப்பது கிருமிக்கு மட்டும்தான் உபயோகம். எடுத்துவிட்டு, செத்ததைச் சுரண்டி, ஏற்படும் குழியில் ஆன்டிபயாடிக் கலந்த சிமென்ட் மணிகளையோ, தானே கரைந்துவிடும் கால்சியம் சல்ஃபேட் மணிகளையோ நிரப்பி மூடுவார்கள். மணியிலிருந்து மருந்து நேராக அந்த இடத்தில் இறங்கும், ரத்தம் வழியாகக் கொடுத்தால் உடம்பு தாங்காத அளவு அங்கே மட்டும் கிடைக்கும். கரையும் மணி வைத்தால் சில வாரம் வெள்ளையாக, தண்ணீராக ஏதோ ஒழுகும். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பச் சீழ் என்று அலறிக்கொண்டு வருபவர்கள் ஏராளம், முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். எலும்பு கூடிய கேஸ்தான் இந்த நோயில் அதிர்ஷ்டக்காரக் கேஸ். உங்கள் தம்பி அந்த வகையாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

எலும்பு கூடும்வரை மாத்திரையில் ஓட்டலாம் என்ற இரண்டாவது டாக்டர் சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு, ஆனால் அது முதல் சில வாரங்களுக்கான நியாயம். ஆபரேஷன் முடிந்து மூன்று நான்கு வாரத்தில் கிருமி வந்து, பிளேட் உறுதியாகப் பிடித்திருந்தால், உள்ளே நன்றாகக் கழுவி, பிளேட்டை விட்டுவைத்து, மருந்து கொடுத்து எலும்பு கூடும்வரை தாக்குப்பிடிப்பது ஏற்கப்பட்ட வழிதான். ஆடாத இரும்பு, ஆடுகிற எலும்பைவிட மேல். ஆனால் 14 மாதத்துக்குப் பிறகும் கூடாத எலும்பு, இன்னும் ஓட்டினால் கூடிவிடும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. இந்நேரம் ஸ்க்ரூக்களைச் சுற்றி எலும்பு அரித்துப் பிளேட் ஆட ஆரம்பித்திருக்கும்.

கூடவில்லை என்றால் மூன்றாமவர் சொன்ன ரிங். இங்கே ஒரு கதை சொல்லியாக வேண்டும். வலேரி புருமெல் என்ற சோவியத் உயரம் தாண்டும் வீரர், 1963-இல் 2.28 மீட்டர் தாண்டி உலக சாதனை, 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம். 1965-இல் மோட்டார்சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போகும்போது விபத்து, கால் நொறுங்கியது. நாட்டின் செல்லப் பிள்ளை, மாஸ்கோவின் பெரிய பெரிய மருத்துவர்கள் பார்த்தார்கள், ஆபரேஷன் மேல் ஆபரேஷன், எலும்பு கூடவில்லை, கால் குட்டையாகிவிட்டது. கடைசியில் 1968-இல் சைபீரியாவில் குர்கான் என்ற ஊரிலிருந்த கவ்ரீல் இலிசாரோவ் என்ற மருத்துவரிடம் போனார். போரில் அடிபட்டு எலும்பு கூடாமலும் சீழ் பிடித்தும் வந்த ஆட்களை வைத்து அவர் ஒரு முறையைக் கண்டுபிடித்திருந்தார்: காலைச் சுற்றி வளையங்கள், வளையத்திலிருந்து எலும்பின் குறுக்கே இழுத்துக் கட்டிய மெல்லிய கம்பிகள். புருமெல் திரும்ப நடந்தார், அதற்கும் மேல் இரண்டு மீட்டருக்கு மேலேயே திரும்பத் தாண்டினார். மேற்கு ஐரோப்பாவுக்கு இந்த முறை போனதும் ஒரு நோயாளியின் கால் வழியாகத்தான். கார்லோ மாவ்ரி என்ற இத்தாலிய மலையேறி, 1961-இல் பனிச்சறுக்கில் உடைந்த காலோடு பத்தொன்பது வருடம் திண்டாடிவிட்டு, தன்னோடு கடற்பயணம் வந்த ரஷ்ய டாக்டர் நண்பர் சொன்னதைக் கேட்டு 1980-இல் குர்கான் போனார். அவர் நேராக நடந்து திரும்பியதைப் பார்த்துத்தான் மறுவருடம் இத்தாலி மருத்துவர்கள் இலிசாரோவைப் பேச அழைத்தார்கள்.

அந்த முறையின் அழகு என்னவென்றால், செத்த எலும்பு எட்டு சென்டிமீட்டர் என்றால் எட்டையும் தைரியமாக வெட்டி எறியலாம். பிறகு காலின் மேல்பகுதியில், நல்ல எலும்பில், ஒரு வெட்டுப் போட்டு, ஒரு வாரம் பத்து நாள் விட்டு, நடுத்துண்டை மெல்ல மெல்லக் கீழே நகர்த்துவோம், ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர். நகரும் துண்டுக்குப் பின்னால் விட்ட இடைவெளியில் புது எலும்பு தானே ஊறும். இதைச் செய்வது டாக்டர் இல்லை, நோயாளிதான், அல்லது அவர் மனைவி. வளையங்களை இணைக்கும் திருகுகம்பியில் ஒரு முழுச் சுற்று என்றால் ஒரு மில்லிமீட்டர், அதைக் கால் கால் சுற்றாக நான்கு வேளை. காலை ஆறு, மதியம் பன்னிரண்டு, சாயங்காலம் ஆறு, படுக்கப்போகும் முன் ஒரு தடவை. பெரும்பாலும் பத்தாம் நம்பர் ஸ்பேனர்தான், பைக் மெக்கானிக் கையில் இருக்கும் அதே சைஸ். எந்தப் பக்கம் திருப்பினோம் என்று மறக்காமல் இருக்க நட்டின் மேல் நெயில் பாலிஷால் புள்ளி வைத்துக்கொள்வார்கள். என்னிடம் வந்த ஒரு லேத் பட்டறைக்காரர் நோட்டில் கோடு போட்டுத் தேதிவாரியாக எழுதிக்கொண்டு வருவார், அவருடைய எலும்பு என் கணக்கைவிட அவர் கணக்கில்தான் சரியாக வளர்ந்தது.

கஷ்டத்தையும் மறைக்கக் கூடாது. எட்டு சென்டிமீட்டர் நகர எண்பது நாள், அதன்பின் அந்தப் புது எலும்பு கெட்டிப்பட அதைப் போல இரண்டு மடங்கு. ஆக எட்டு ஒன்பது மாதம் வளையம் காலில் இருக்கும், சில சமயம் வருடத்தைத் தாண்டும். நகர்ந்து வந்த துண்டு கீழே முட்டும் இடத்தில் ஒட்டாமல் போனால் இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து வைக்க வேண்டிவரும். கம்பி தோலில் நுழையும் இடங்கள் அடிக்கடி சிவக்கும், தண்ணீர் கசியும், வலிக்கும். தினம் சுத்தம் செய்வதை வீட்டில் ஒருவர் கற்றுக்கொள்ள வேண்டும். லுங்கிதான் உடை. ஆனால் நடக்கலாம், அதுதான் இதன் பெரிய லாபம், நடக்கவும் வேண்டும், படுத்தே இருந்தால் எலும்பு ஊறாது. மாடிப்படி ஏறிப் போய்க் கணக்கு எழுதும் வேலைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு வழி பிரெஞ்சு மருத்துவர் மாஸ்கலே கண்டது. முதல் ஆபரேஷனில் செத்த எலும்பை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மருந்து கலந்த சிமென்ட் உருளையை வைத்து மூடிவிடுவார்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் உடம்பு அந்தச் சிமென்டைச் சுற்றி ஒரு சவ்வு கட்டும். இரண்டாவது ஆபரேஷனில் சவ்வைக் கிழிக்காமல் சிமென்டை மட்டும் எடுத்து, உறைக்குள் திணிப்பது போல அந்த இடத்தில் இடுப்பெலும்புத் தூளை நிரப்புவார்கள். இதற்கு மாதக்கணக்கில் நோயாளி ஸ்பேனர் பிடிக்க வேண்டியதில்லை, ஆனால் நிரப்ப எலும்பு நிறைய வேண்டும், கிருமி முழுசாகப் போயிருக்க வேண்டும். இரண்டில் எது என்பது உங்கள் டாக்டர் எதில் கைதேர்ந்தவர் என்பதையும் பொறுத்தது, அதை நேராகவே கேட்கலாம். எதைச் செய்தாலும் மேலே தோலும் சதையும் சரியில்லை என்றால் பிளாஸ்டிக் சர்ஜன் வேண்டும். காலின் மேல் மூன்றில் ஒரு பங்குக்கும் நடுப்பங்குக்கும் கெண்டைச் சதையைத் திருப்பிப் போட்டு மூடிவிடலாம், கணுக்கால் பக்கம் என்றால் தொடையிலிருந்தோ முதுகிலிருந்தோ சதையை ரத்தக்குழாயோடு எடுத்து மைக்ராஸ்கோப்பில் இணைக்க வேண்டும். எலும்பு டாக்டரும் பிளாஸ்டிக் சர்ஜனும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடமாகப் பாருங்கள். இதை நான் அழுத்தியே சொல்வேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு மருந்து உண்டா? உண்டு, இப்போதுதான் அது வேலை செய்யும். பொதுவாக ஆறு வாரம், இரும்பு உள்ளே இருந்தால் பன்னிரண்டு வாரம் வரை. ஆறு வாரமும் நரம்பில் ஊசிதான் என்று ஒரு காலத்தில் சட்டம் மாதிரி இருந்தது. இங்கிலாந்தில் 1054 பேரை வைத்து நடத்திய ஓவிவா என்ற ஆய்வு 2019-இல் வந்தது, சரியான மாத்திரையாக இருந்தால் ஊசிக்கு இளைத்ததில்லை என்று காட்டியது. மேலே அவ்வளவு தூரம் மாத்திரையைத் திட்டிவிட்டு இப்போது இப்படிச் சொல்கிறேனே என்று தோன்றும். அந்த ஆய்வில் இருந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு முதலில் அறுவை சிகிச்சையில் சுத்தம் செய்துவிட்டுத்தான் மாத்திரை கொடுத்தார்கள், வித்தியாசம் அங்கே. சில மருந்துகளை வீட்டிலேயே இருந்து விழுங்கிக்கொண்டிருக்க முடியாது. லினெசாலிட் இரண்டு வாரத்தைத் தாண்டினால் வாரம் ஒரு ரத்தப் பரிசோதனை வேண்டும், ரத்த அணுக்களைக் குறைக்கும், மாதக்கணக்கில் போனால் கால் மரத்துப்போகும், கண் பார்வையையும் தொடும். ரிஃபாம்பிசின் தனியாகச் சாப்பிடவே கூடாது, கிருமி சில நாளில் பழகிவிடும். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவது மட்டும் சாதாரணம்தான்.

சர்க்கரை பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. 31 வயதுதானே என்று விட்டுவிடாதீர்கள், மூன்று மாதச் சராசரி சர்க்கரை ஒரு தடவை பார்த்துவிடுங்கள், ஆபரேஷன் மேஜையில்தான் தனக்குச் சர்க்கரை என்று தெரிந்துகொண்ட இளைஞர்கள் நிறைய. சிகரெட் இருந்தால் நிற்க வேண்டும், குறைப்பது என்ற பேச்சே கிடையாது. புகை ரத்தக் குழாயைச் சுருக்கும், எலும்பு கூடாது, ஒட்டிய சதை கறுத்துப்போகும். அப்புறம் சாப்பாடு. காயம் சீழ் வைக்கும் என்று சொல்லி முட்டை, மீன், கறி, பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திப் பதினான்கு மாதமாகக் கஞ்சியும் ரசமும் கொடுக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன், பாசத்தில்தான் செய்கிறார்கள், ஆனால் புரதம் இல்லாமல் புண் எதை வைத்து ஆறும்? முட்டை சீழ் உண்டாக்காது.

பெரியப்பாவிடம் சண்டை போட வேண்டாம். தோல் கிழியாத, நகராத சின்ன முறிவுகள் கட்டுக் கட்டினாலும் கூடும், மாவுக்கட்டிலும் அதுதான் நடக்கிறது, புத்தூரில் கூடிய கைகளையும் கால்களையும் அவர் கண்ணால் பார்த்திருப்பார். ஆனால் சீழ் வடியும் காலில், உள்ளே பிளேட் இருக்கும் காலில், பச்சிலையும் முட்டையும் வைத்து இறுக்கிக் கட்டினால் வடிய வேண்டியது உள்ளேயே தங்கும். இந்தக் காலுக்கு அது வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு: காலை எடுப்பது என்பது இந்த நோயில் முதல் பேச்சு இல்லை. கோவை கங்கா மருத்துவமனையில் டாக்டர் ராஜசேகரன் குழுவினர் உருவாக்கி, 2006-இல் உலகத்துக்கு வெளியிட்ட ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது, தோல், எலும்பு, தசை-நரம்பு என்று தனித்தனியாக மார்க் போட்டு, 14-க்குள் இருந்தால் காலைக் காப்பாற்றலாம், 17-ம் அதற்கு மேலும் போனால் எடுப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று சொல்வது. அது விபத்து நடந்த அன்று போடும் கணக்கு. அன்று தப்பிய கால், பாதத்தில் உணர்ச்சி இருக்கும் கால், விரலை அசைக்கும் கால், பெரும்பாலும் காப்பாற்றக்கூடிய கால்தான். வருடக்கணக்கான வளையத்தையும் நான்கைந்து ஆபரேஷனையும் தாங்கும் உடம்போ மனமோ இல்லாதவர்கள் தாங்களே யோசித்து, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டுச் செயற்கைக் கால் போட்டுக்கொண்டு மூன்று நான்கு மாதத்தில் வேலைக்குப் போனதும் உண்டு, அதைத் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். உண்மையாகப் பயப்பட வேண்டிய ஒன்று, ஒன்றும் செய்யாமல் இருபது முப்பது வருடம் சீழோடு வாழ்வது. அந்தத் துளையின் ஓரத்தில் தோல் புற்றுநோய் வரலாம். பழைய ரணம் திடீரென்று பூப்போல விரிந்து வளர்ந்தாலோ, நாற்றமும் ரத்தமும் வலியும் கூடினாலோ உடனே பயாப்சி.

பணம்: முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், எந்த ஆபரேஷனுக்கு எவ்வளவு வரும், ரிங்கின் விலை அதில் அடங்குமா என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேஜையில் அட்மிஷனுக்கு முன்பே எழுதிக் கேளுங்கள். மருத்துவக் கல்லூரி அரசு மருத்துவமனைகளில் ரிங் தினம் போடுகிறார்கள், அதைக் கேவலமாக நினைக்க வேண்டாம், தனியாரைவிட அங்கே பார்த்த கை அதிகம்.

கடைசியாக, வேறொரு டாக்டரைப் பார்க்கப் போகும்போது போனில் பிடித்த எக்ஸ்ரே படத்தோடு போகாதீர்கள். விபத்தன்று எடுத்ததிலிருந்து ஒவ்வொரு பிலிமும், தேதி வரிசையில். முதல் ஆபரேஷன் நடந்த இடத்தில் ஆபரேஷன் நோட்ஸின் நகல் கேளுங்கள், அதில் பிளேட், ஸ்க்ரூ பெட்டியிலிருந்து பிய்த்து ஒட்டிய சின்ன ஸ்டிக்கர்கள் இருக்கும், அந்தப் பக்கத்தை முக்கியமாக வாங்கிக்கொள்ளுங்கள். எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று தெரிந்தால்தான் ஸ்க்ரூவின் தலைக்குப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவரை முன்கூட்டியே வரவழைக்க முடியும். சிலது அறுகோணம், சிலது நட்சத்திரம். லாக்கிங் ஸ்க்ரூ பிளேட்டோடு இறுகிப்போய், பொருந்தாத டிரைவரால் தலை வழுக்கிவிட்டது என்றால், முக்கால் மணி நேர வேலை மூன்று மணி நேரமாகும், இரும்பை டிரில் போட்டு அறுக்க வேண்டிவரும், அந்த இரும்புத் தூள் எல்லாம் நாம் சுத்தம் செய்ய வந்த அதே குழியில்தான் விழும்.